கூடாரமும் சிம் கார்டும்: ஹைட்டியில் இடம்பெயர்ந்தவர்களை எண்ணிய கதை

2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, பிப்ரவரியில் கரீபியன் நாடான ஹைட்டியில் நிவாரண வேலை பார்த்த எல்லாருக்கும் ஒரே கேள்விதான். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை விட்டு எத்தனை பேர் போனார்கள், எங்கே போனார்கள்? கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் எந்த ஊருக்கு எத்தனை மூட்டை அரிசி, எந்த மருத்துவமனைக்கு எத்தனை பாட்டில் குளுக்கோஸ், எந்தப் பள்ளியில் கூடுதலாக எத்தனை பிள்ளைகள் வந்து உட்காருவார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த எண் யாரிடமும் இல்லை.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே நாட்டில், முதலில் நிலநடுக்கத்தால், பிறகு ஆயுதக் கும்பல்களின் வன்முறையால், இரண்டு முறையும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். இரண்டு முறையும் எண்ணியிருக்கிறார்கள். முகாமைப் பார்த்து, கைப்பேசியைப் பார்த்து, ஊர்த் தலைவர்களிடம் கேட்டு என எண்ணிய விதங்கள் வேறு. என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் சண்டைக்கு வரலாம்: இடம்பெயர்ந்தவர்களை எண்ணுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் எண்ணுவது கண்ணுக்கு அகப்படுகிற ஏதோ ஒரு பொருளைத்தான். கூடாரத்தை எண்ணினால் கூடாரத்தில் இருப்பவர் இடம்பெயர்ந்தவர் ஆகிறார். சித்தி வீட்டுக் கூடத்தில் போய்ப் படுத்தவர் கணக்கில் எங்கேயும் வருவதில்லை.

எண்ண வேண்டியவர்களும் இடிபாட்டில்

ஜனவரி 12, மாலை 4.53. நிலநடுக்கம், அளவு 7.0. தலைநகரிலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், லியோகான் நகருக்குப் பக்கத்தில் மையம். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே இன்றுவரை தகராறு. அரசு 3 லட்சத்துக்கு மேல் என்றது, ஆய்வாளர்கள் சிலர் அதில் பாதிகூட இல்லை என்கிறார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையிலேயே இவ்வளவு இடைவெளி என்றால், உயிரோடு நகர்ந்துகொண்டே இருக்கும் மக்களின் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக எண்ண வேண்டியவர்கள் அன்று எண்ணும் நிலையில் இல்லை. அதிபர் மாளிகை இடிந்தது, பெரும்பாலான அமைச்சகக் கட்டடங்கள் இடிந்தன, ஐ.நா. அமைதிப்படையின் தலைமையகமாக இருந்த ஓட்டல் இடிந்து படையின் தலைவர் எதி அன்னபியே இறந்துபோனார். அந்த ஒரு நிலநடுக்கத்தில் ஐ.நா. இழந்த ஊழியர்கள் 102 பேர். இது போக இன்னொரு பழைய குறையும் இருந்தது. அந்த நாட்டில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2003-இல். அதாவது எத்தனை பேர் போனார்கள் என்று சொல்ல, முதலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கே ஏழு வருடப் பழைய கணக்கை வைத்து உத்தேசமாகத்தான் சொல்ல முடியும்.

மக்கள் ஓடியதில் ரகசியம் ஒன்றும் இல்லை. தலைநகரை விட்டுப் போக விரும்புகிறவர்களுக்கு அரசே இலவசமாகப் பேருந்து விட்டது. வண்டிக் கூரை மேலெல்லாம் மூட்டையும் ஆளுமாகப் போனார்கள். தெற்குத் தீபகற்பத்துக்குப் படகில் போனார்கள். அரசின் குடிமைப் பாதுகாப்புத் துறை இந்தப் பேருந்து, கப்பல் போக்குவரத்தைப் பார்த்து ஒரு கணக்கு போட்டது. பிப்ரவரியில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் வெளியேறினார்கள் என்று ஓர் எண் புழக்கத்துக்கு வந்தது. நிவாரண அமைப்புகளும் அதையே பிடித்துக்கொண்டன, வேறு என்ன செய்வது.

பேருந்துக் கணக்கில் என்ன சிக்கல்? ஏறியதை எண்ணலாம், இறங்கியதை எண்ணுவது கடினம். பாதி வழியில் இறங்கியவர், இரண்டு நாளில் திரும்பி வந்தவர், திரும்பி வந்து மறுபடி ஏறியவர் எல்லாம் அதில் கலந்துவிடுவார்கள். நடந்து போனவரும் சொந்த வண்டியில் போனவரும் வரவே மாட்டார்கள்.

19 லட்சம் சிம்

இங்கேதான் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த லினஸ் பெங்ட்சன் குழு உள்ளே வருகிறது. அவர்களுடைய யோசனை சொல்லப்போனால் சாதாரணம். ஹைட்டியின் பெரிய கைப்பேசி நிறுவனம் டிஜிசெல். யார் அழைத்தாலும், எந்த டவர் வழியாக அழைப்பு போனது என்பது பில் போடுவதற்காக நிறுவனத்திடம் எப்படியும் பதிவாகிறது. என்ன பேசினார்கள் என்பது வேண்டாம், பெயர் வேண்டாம், எண்கூட வேண்டாம். இந்த அடையாளம் மறைத்த சிம் இன்று எந்த டவரில் இருக்கிறது, அது மட்டும் போதும்.

ஒரு சிம்மைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். டிசம்பர் முழுக்கத் தலைநகரில் ஒரே டவர். டிசம்பர் 24-இல் திடீரென்று வடக்கே ஆர்த்திபொனித் மாவட்டத்தின் ஒரு டவர், ஜனவரி 2 வரை அங்கேயேதான். பிறகு மறுபடி தலைநகர். ஜனவரி 12 மாலைக்குப் பிறகு ஐந்து நாள் மௌனம். ஆறாவது நாள் அதே ஆர்த்திபொனித் டவர். மார்ச் வரை அங்கே. பிறகு மறுபடி தலைநகர், ஆனால் பழைய டவர் இல்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறொன்று. இந்த ஐந்தாறு வரியில் ஒரு குடும்பத்தின் மொத்தக் கதையும் இருக்கிறது. பண்டிகைக்கு அம்மா வீட்டுக்குப் போனது, வீடு இடிந்ததும் அங்கேயே ஓடியது, அங்கே பிழைப்பு இல்லாமல் திரும்பி வந்து ஏதோ ஒரு கூடாரத்தில் தங்கியது. ஆனால் எந்த முகாம் பதிவேட்டிலும் அந்த நடு மாதங்கள் கிடையாது.

இப்படி 19 லட்சம் சிம்களை, நிலநடுக்கத்துக்கு 42 நாள் முன்னாலிருந்து 158 நாள் பின்னால் வரை பார்த்தார்கள். எல்லா சிம்மையும் எடுக்கவில்லை. நிலநடுக்கத்துக்கு முன்பும் பயன்பட்டிருக்க வேண்டும், ஆய்வின் கடைசி மாதத்திலும் ஓர் அழைப்பாவது போயிருக்க வேண்டும். முதல் நிபந்தனையால், உதவி செய்ய வந்து புதிதாக சிம் வாங்கிய வெளிநாட்டவர்கள் கழிந்துபோனார்கள். இரண்டாவது நிபந்தனை எதற்கு என்று யோசித்தால் கொஞ்சம் நெஞ்சைப் பிசையும். உரிமையாளர் இறந்துபோனாலோ, கைப்பேசி இடிபாட்டில் மாட்டிக்கொண்டாலோ அந்த சிம் நகராது. நகராத சிம்மை வீட்டிலேயே இருக்கும் ஆளாக எண்ணிவிடக் கூடாது அல்லவா.

கிடைத்த விடை: நிலநடுக்க நாளில் தலைநகரில் இருந்தவர்களில் சுமார் 6,30,000 பேர் 19 நாளில் வெளியேறியிருந்தார்கள். நகரத்தின் மக்கள்தொகை அந்த அளவில் 23 சதவீதம் குறைந்திருந்தது. இந்த ஆய்வுக் கட்டுரை 2011 ஆகஸ்டில் ஒரு மருத்துவ இதழில் வெளியானது.

மொத்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இடவாரிப் பங்கீடு. ஐ.நா. மக்கள்தொகை நிதியம் பின்னாளில் வீடு வீடாகப் போய் ஒரு பெரிய சர்வே எடுத்தது. எந்த மாவட்டத்துக்கு என்ன விகிதத்தில் மக்கள் போனார்கள் என்பதில் சிம் கணக்கும் அந்த சர்வேயும் நன்றாகவே பொருந்தின. நெருக்கடி நேரத்தில் எல்லாரும் பயன்படுத்திய பேருந்துக் கணக்கு அந்த அளவு பொருந்தவில்லை. தலைநகர் மக்களை அதிகம் தாங்கிய மாவட்டங்களில் ஆர்த்திபொனித்தும் ஒன்று.

இன்னொன்று. 2012-இல் அதே தரவை வைத்து சின் லூ, பெங்ட்சன், பெட்டர் ஹோல்மே மூவரும் எழுதிய கட்டுரையில், மக்கள் எங்கே போவார்கள் என்பது முன்கூட்டியே கணிக்கக்கூடியதாக இருந்தது என்று காட்டினார்கள். பேரிடர் நேரத்தில் மக்கள் கண் மண் தெரியாமல் சிதறி ஓடுவார்கள் என்றுதானே பொதுவாக நினைப்போம்? அப்படி இல்லை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் யார் எங்கே போயிருந்தார்களோ, பெரும்பாலும் அங்கேதான் ஓடினார்கள். தரவு டிசம்பர் தொடக்கத்திலிருந்தே கையில் இருந்ததால்தான் இது தெரிந்தது. வேறு மாதத்தில் நிலநடுக்கம் வந்திருந்தால் இந்தத் தடயமே சிக்கியிருக்காது, அதிர்ஷ்டம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் அதுதான்.

சிம் கணக்கில் குறை இல்லாமல் இல்லை. குழந்தையிடம் சிம் இல்லை, கிழவியிடம் இல்லை, பரம ஏழையிடம் இல்லை. ஒரு சிம்முக்கு இத்தனை பேர் என்று ஒரு பெருக்கு எண்ணை வைத்துத்தான் மொத்தத்துக்குப் போகிறார்கள். கைப்பேசி வைத்திருப்பவர் போகும் இடத்துக்கே மற்றவர்களும் போவார்கள் என்ற ஊகம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கணவன் மட்டும் தலைநகரில் தங்கி, மனைவியையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிய வீட்டில் இந்த ஊகம் உடைந்துவிடும். அப்படிப்பட்ட வீடுகள் குறைவாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

இதைவிடப் பெரிய குறை நேரம். நிலநடுக்கக் கட்டுரை வெளிவந்தபோது முதல் கட்ட நிவாரணம் எப்போதோ ஓடி முடிந்திருந்தது. தாமதத்துக்கு முறை காரணம் இல்லை. தரவு கேட்டு, ஒப்பந்தம் போட்டு, கைக்கு வருவதற்குள் காலம் போய்விடுகிறது.

12 மணி நேரம்

நிலநடுக்கம் வந்த அதே 2010-இன் அக்டோபரில் இந்தத் தாமத விஷயம் நேருக்கு நேர் சோதிக்கப்பட்டது. ஆர்த்திபொனித் ஆற்றை ஒட்டிக் காலரா வெடித்தது. ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றிலிருந்து கழிவு ஆற்றில் கலந்ததே காரணம் என்று பின்னால் ஆய்வுகள் காட்டின, அதில் தன் பங்கை ஐ.நா. ஒப்புக்கொள்ள 2016 ஆகிவிட்டது. அந்தக் கதை தனி. நம் விஷயத்துக்கு வருவோம்.

காலரா வந்த இடத்திலிருந்து மக்கள் பயந்து நகருவார்கள், நகருகிறவர்களில் சிலர் கிருமியையும் சுமந்துகொண்டு போவார்கள். அடுத்து எந்த ஊரில் வெடிக்கும் என்று தெரிந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் மருத்துவ ஆட்களையும் முன்கூட்டியே அனுப்பலாம். இந்த முறை தரவுக்கான பாதை ஏற்கெனவே திறந்திருந்தது. அதே குழு, பாதிப்புப் பகுதியில் இருந்த 1,38,560 சிம்களின் நகர்வைப் பார்த்து, தரவு கைக்கு வந்த 12 மணி நேரத்துக்குள் அறிக்கையைக் களத்துக்கு அனுப்பியது. நிலநடுக்கக் கட்டுரை வெளிவர ஓர் ஆண்டுக்கு மேல் பிடித்தது, காலரா அறிக்கைக்கு அரை நாள். ஒப்பந்தம் முன்பே இருந்ததும் நிறுவனத்தில் யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்திருந்ததும்தான் வித்தியாசம், கணினி வேகம் கூடியதால் வந்தது இல்லை.

இந்தப் பாடம் உண்மையில் பயன்பட்டது வேறு நாட்டில். 2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தபோது, பெங்ட்சனும் மற்றவர்களும் தொடங்கியிருந்த ஃப்ளோமைண்டர் அமைப்புக்கும் அங்கே உள்ள என்செல் நிறுவனத்துக்கும் ஏற்கெனவே ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நாளில் முதல் அறிக்கை வந்துவிட்டது. வழக்கமான போக்குவரத்தைக் கழித்தால் காத்மாண்டு பள்ளத்தாக்கை விட்டு சுமார் 3,90,000 பேர் கூடுதலாக வெளியேறியிருந்தார்கள் என்றது அந்தக் கணக்கு.

கூடாரத்தை எண்ணியவர்கள்

சரி, தலைநகரில் தங்கியவர்களிடம் வருவோம். இவர்களை எண்ணும் பொறுப்பு பன்னாட்டுப் புலம்பெயர்வு அமைப்பிடம் இருந்தது. அவர்களிடம் இடப்பெயர்வைப் பின்தொடர்வதற்கென்றே டி.டி.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு முறை உண்டு, 2004-இல் இராக்கில் தொடங்கியது. ஹைட்டியில் அது செயல்பட்ட விதம் இது: கணக்கெடுப்பாளர்கள் முகாம் முகாமாகப் போவார்கள், முகாம் கமிட்டியிடம் பேசுவார்கள், கூடாரங்களைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் வான்வழிப் படத்தோடு ஒப்பிடுவார்கள், தலைக்கட்டுக் கணக்கு எழுதுவார்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை மறுபடியும் அதே சுற்று.

2010 நடுவில் வந்த எண் சுமார் 15 லட்சம், 1,500-க்கும் மேற்பட்ட இடங்களில். முகாம் என்றதும் வரிசையாகக் கூடாரம் அடித்த மைதானத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். சாலை நடுவிலுள்ள திட்டில் நாலு தார்ப்பாய் கட்டியிருந்தாலும் முகாம், பெத்தியோன்வில் கோல்ஃப் மைதானத்தில் பல்லாயிரம் பேர் இருந்ததும் முகாம்.

இப்போது ஒரு கூடாரத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். தார்ப்பாயின் மேல் பெயின்டில் எண் போட்டிருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. பக்கத்துக் கூடாரக்காரரைக் கேட்டால் "வேலைக்குப் போயிருக்கிறார்கள், ராத்திரி வருவார்கள்" என்கிறார். வருவார்களா? தெரியாது. ஒருவேளை நிஜமாகவே வேலைக்குப் போயிருக்கலாம். விரிசல் விட்ட வீட்டில் பகலில் இருந்துவிட்டு, இரவில் கூரை விழுமோ என்ற பயத்தில் இங்கே வந்து படுக்கலாம். வீடு கட்டித் தரும் பட்டியல் வந்தால் பெயர் விட்டுப்போகக் கூடாது என்று ஒரு கூடாரத்தைப் போட்டு வைத்திருக்கலாம். மூன்றும் நடந்தன. கையில் படிவத்தோடு நிற்கும் கணக்கெடுப்பாளர் ஒரே கட்டத்தில் "ஆம்" அல்லது "இல்லை" எழுத வேண்டும்.

காலிக் கூடாரம் போட்டவர்களைப் பொய்யர்கள் என்று அந்தக் காலத்தில் நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முகாம்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நிலநடுக்கத்துக்கு முன்பு வாடகைக்கு இருந்தவர்கள். இடிந்தது அவர்கள் வீடு இல்லை, வீட்டுக்காரரின் வீடு. திரும்பக் கட்டினாலும் வாடகை எகிறும், தங்களைத்தான் உள்ளே விடுவார்கள் என்று நிச்சயமும் இல்லை. பொறியாளர்கள் சுமார் 4 லட்சம் கட்டடங்களைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறி போட்டார்கள், பாதிக்கு மேல் பச்சை, அதாவது குடியேறலாம். ஆனாலும் கூடாரங்கள் காலியாகவில்லை. பச்சைக் குறி சுவருக்குத்தான் உத்தரவாதம் தருகிறது, வாடகைக்குத் தராது. தண்ணீர் லாரியும் இலவச மருத்துவரும் வரும் ஒரே இடத்தில் கால் பதித்து வைப்பது பிழைக்கத் தெரிந்தவர் செய்கிற வேலை.

எண்ணிக்கை மக்களை நகர்த்தவும் செய்தது, இதுதான் பலர் பேசாத பகுதி. முகாமை எண்ணியதால் உதவி முகாமுக்கு வந்தது. ஊர்களுக்கு ஓடிய 6 லட்சம் பேரும் உறவினர் வீடுகளில் சிதறிக் கிடந்ததால் அங்கே உதவி சொட்டுச் சொட்டாகத்தான் போனது. ஐந்து பேர் வீட்டில் பத்துப் பேர் ஆனதும், அடைக்கலம் கொடுத்த விவசாயிகள் விதைக்கு வைத்திருந்த தானியத்தையே சமைக்க வேண்டி வந்தது. அடுத்த போகத்துக்கு விதை இல்லை. சிம்களைப் பார்த்தால், மாதங்கள் போகப் போக தலைநகரை நோக்கித் திரும்பும் ஓட்டம் தெரிகிறது. வந்தவர்களில் எத்தனை பேர் வேலைக்காக வந்தார்கள், எத்தனை பேர் தண்ணீர் லாரிக்காக வந்தார்கள் என்று டவர் சொல்லாது. ஆனால் முகாமில் வந்து சேர்ந்த பிறகு மட்டும் அவர்கள் ஓர் எண் ஆனார்கள்.

பட்டியலை விட்டுப் போன வழிகள்

15 லட்சம் என்ற எண் வேகமாகக் குறைந்தது. 2011 ஜனவரியில் சுமார் 8 லட்சம், 2012 தொடக்கத்தில் 5 லட்சத்தை ஒட்டி, 2015 வாக்கில் 60 ஆயிரத்தைச் சுற்றி. வரைபடமாகப் பார்த்தால் அழகான சரிவு, அறிக்கையின் முதல் பக்கத்துக்கு ஏற்றது. ஆனால் குறைந்தது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சிலர் நிஜமாகவே வீட்டுக்குப் போனார்கள். எத்தனையோ பேரை நிலத்தின் சொந்தக்காரர்கள் விரட்டினார்கள், கத்தியோடும் புல்டோசரோடும் காலி செய்த முகாம்கள் உண்டு. முகாம் மறைந்ததும் ஆள் பட்டியலில் மறைந்தார், வேறு எங்கேயோ தார்ப்பாய் கட்டியிருந்தாலும்கூட. இன்னும் பலருக்கு ஓர் ஆண்டு வாடகைக்கு 500 டாலர் கொடுத்து அறை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கூடாரத்திலிருந்து அறைக்குப் போன நாளில் அந்தக் குடும்பம் பட்டியலை விட்டுப் போனது. பதின்மூன்றாவது மாதம் வாடகை யார் கொடுப்பது என்ற கேள்விக்குப் படிவத்தில் இடம் இல்லை. தார்ப்பாய்க்குப் பதில் நாலு சுவர் என்பது சின்ன விஷயம் இல்லை, அந்த மக்களிடம் கேட்டால் அந்த 500 டாலரைத் திட்ட மாட்டார்கள், நானும் திட்டவில்லை. இடப்பெயர்வு முடிந்தது என்று எழுதியதைத்தான் கேட்கிறேன்.

கனான் வேறு ரகம். தலைநகருக்கு வடக்கே வறண்ட மேட்டு நிலம். 2010 மார்ச்சில் அரசு அந்தப் பகுதியைப் பொதுப் பயனுக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தது, ஏப்ரலில் கோல்ஃப் மைதானத்திலிருந்து சில ஆயிரம் பேரைக் கொரைல் என்ற முகாமுக்குக் கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே, சுற்றியிருந்த வெட்டவெளியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கல் அடுக்கி எல்லை போட்டார்கள், அப்புறம் சிமென்ட் கல், அப்புறம் கடை, தேவாலயம், பள்ளி. கனான், ஜெருசலேம் என்று பைபிள் பெயர்களையே வைத்தார்கள். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் வாழும் ஊராகிவிட்டது. தண்ணீர்க் குழாய் இல்லை, நிலப் பட்டா இல்லை.

2013-இல் கனான், ஜெருசலேம், ஒனாவில் என்ற மூன்று இடங்களையும் முகாம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இவை முகாம் மாதிரி இல்லை, குடியிருப்பு மாதிரி ஆகிவிட்டன என்பது காரணம். அந்த ஒரு மாற்றத்திலேயே பட்டியலில் 50 ஆயிரத்துக்கும் மேல் குறைந்தது. அந்த மக்களில் ஒருவர்கூட அன்று ஓர் அடி நகரவில்லை. காரணம் தவறா என்றால் முழுத் தவறும் இல்லை. இரண்டு அறை கட்டி, வாசலில் செடி வைத்தவரை எத்தனை வருடத்துக்கு முகாம்வாசி என்று எழுதுவது? ஆனால் பட்டியலை விட்டு எடுப்பதோடு நிதியும் போய்விடுகிறது என்பதால், வகைப்பாடு மாறுவதற்கும் குழாய்த் தண்ணீர் வருவதற்கும் இடையில் உள்ள காலம் யார் தலையிலும் விழாமல் போகிறது. பன்னாட்டு வரையறைகளில் இதற்கு வழி சொல்லித்தான் இருக்கிறது. இடப்பெயர்வு முடிவது முகாம் காலியாகும் நாளில் இல்லை, இடம்பெயர்ந்ததால் வந்த தேவைகள் தீரும்போதுதான் என்கிறார்கள். அதை அளக்க வேண்டுமானால் ஒரே குடும்பத்தைப் பல வருடம் பின்தொடர வேண்டும். அதற்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை, எல்லாருக்கும் வேண்டியது அடுத்த அறிக்கைக்கான எண்.

இரண்டாவது ஓட்டம்

2021 ஜூலையில் அதிபர் ஜொவெனெல் மொய்ஸ் கொல்லப்பட்டார், அடுத்த மாதமே தெற்கில் 7.2 அளவில் இன்னொரு நிலநடுக்கம். அதற்குப் பின் தலைநகரின் பெரும் பகுதி ஆயுதக் கும்பல்களின் கைக்குப் போனது. 2023 முடிவில் நாட்டுக்குள் இடம்பெயர்ந்தவர்கள் 3,15,000 என்று இருந்த கணக்கு, 2025 ஜனவரியில் 10 லட்சத்தைத் தாண்டியது, ஜூனில் 13 லட்சத்தைத் தொட்டது, அக்டோபரில் 14 லட்சம். 2010-இன் உச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

எண்கள் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் வடிவம் முற்றிலும் வேறு. 2010-இல் 1,500-க்கும் மேற்பட்ட முகாம்கள். 2025 ஜூனில் மக்கள் தாங்களாகக் கூடித் தங்கிய இடங்கள் 246. மீதிப் பேர், அதாவது பெரும்பான்மையோர், உறவினர் வீடுகளில் இருக்கிறார்கள், தலைநகருக்கு வெளியே ஆர்த்திபொனித்திலும் தெற்கிலும். 2010-இல் எந்தக் கூட்டம் கணக்கில் விழவில்லையோ அதே கூட்டம்தான் இப்போது கணக்கின் பெரும் பகுதி. டி.டி.எம். மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கெடுப்பாளர்கள் ஊர் ஊராகப் போய், நிலவரம் தெரிந்த உள்ளூர்க்காரர்களிடம் எத்தனை குடும்பம் வந்து தங்கியிருக்கிறது, எங்கிருந்து, எப்போது என்று கேட்டு எழுதுகிறார்கள். 2024 நவம்பர் 11 முதல் 20 வரை தலைநகரில் மட்டும் 40 ஆயிரத்துக்கு மேல் ஓடினார்கள் என்ற எண் அந்த மாதமே வெளியானது. 2010-இல் இந்த வேகத்தை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் சிம்மை மறுபடி எண்ணினால் என்ன? செய்யலாம், ஆனால் இங்கே எனக்குத் தயக்கம் உண்டு. நிலநடுக்கம் யாரையும் துரத்திக்கொண்டு வருவதில்லை, கும்பல் வரும். எந்தப் பேட்டையிலிருந்து ஓடியவர்கள் எந்த ஊரில் கூட்டமாக இருக்கிறார்கள் என்ற வரைபடம் அரிசி அனுப்புகிறவருக்கும் உதவும், துப்பாக்கி அனுப்புகிறவருக்கும் உதவும். பெயரை மறைத்துவிட்டோம் என்பது பதில் ஆகாது. ஆள் யார் என்று தெரியாவிட்டாலும் எந்தக் கூட்டம் எங்கே என்று தெரிந்தாலே போதும், தீங்கு செய்ய. தகவல் கைமாறுவதன் ஆபத்துக்கு உதாரணம் உண்டு. 2021-இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஒரு குற்றச்சாட்டு வைத்தது: வங்கதேசத்தில் அகதிகளாக ஐ.நா. பதிந்த ரோஹிங்கியா மக்களின் விவரங்கள் வங்கதேச அரசு வழியாக, அவர்கள் எந்த நாட்டிலிருந்து உயிர் பிழைத்து ஓடினார்களோ அந்த மியான்மர் அரசிடமே போய்ச் சேர்ந்தன, பலருக்கு அது முறையாகச் சொல்லப்படவே இல்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் ஒப்புதல் பெற்றே செய்ததாக மறுத்தது. யார் சொல்வது சரியாக இருந்தாலும், அட்டை வாங்க வரிசையில் நிற்பவருக்கு "இல்லை" என்று சொல்ல என்ன வாய்ப்பு இருக்கும் என்று யோசித்தால் போதும்.

மோதல் பகுதிகளில் என் விருப்பம் மெதுவான, கொஞ்சம் மங்கலான கணக்குதான். மாவட்ட அளவு போதும், தெரு அளவு வேண்டாம். அரிசி லாரிக்கு மாவட்டமும் ஊரும் தெரிந்தாலே போதும்.

இன்னொரு குழப்பமும் இந்த இரண்டாவது ஓட்டத்தில் கூடியிருக்கிறது. ஒருவரே பல முறை ஓடுகிறார். ஒரு பேட்டையிலிருந்து ஒரு பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடம் இருக்கும் தெரு கும்பலின் கைக்குப் போனதும் அங்கிருந்து இன்னொரு பள்ளிக்கூடம். இன்று இடம்பெயர்ந்த நிலையில் இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டால் அவர் ஒருவர். இந்த ஆண்டில் நடந்த இடப்பெயர்வுகள் எத்தனை என்று கேட்டால் அவர் இரண்டு. செய்திகளில் இந்த இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று பதிலாகத் தாராளமாகப் புழங்குகின்றன. 2024 முடிவில் உலகம் முழுக்க உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்கள் 8 கோடியே 34 லட்சம் என்று உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம் சொன்னது ஆட்களின் எண்ணிக்கை. அதே ஆண்டில் பேரிடர்களால் மட்டும் 4 கோடியே 58 லட்சம் என்று அது சொன்னது நகர்வுகளின் எண்ணிக்கை. இரண்டையும் கூட்டி ஒரு தலைப்பு போட்டால் அந்தத் தலைப்புக்கு அர்த்தமே கிடையாது, ஆனால் போடுகிறார்கள்.

கனானுக்கும் கும்பல் வந்தது. 2023 ஆகஸ்டில், அங்கே ஒரு போதகரின் பின்னால் கத்தியும் தடியுமாக ஊர்வலம் போன தேவாலய மக்கள் மீது கும்பல் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது, குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள். அங்கிருந்தும் குடும்பங்கள் ஓடியிருக்கின்றன. 2010-இல் இடிபாட்டிலிருந்து வந்து, 2013-இல் பட்டியலை விட்டு எடுக்கப்பட்டு, அதற்குள் சிமென்ட் கல்லில் வீடு கட்டியவர்கள். டி.டி.எம். படிவத்தில் எங்கிருந்து வந்தீர்கள் என்று ஒரு கட்டம் உண்டு. அவர்கள் கனான் என்று சொல்வார்கள், கணக்கெடுப்பாளர் எழுதிக்கொள்வார். அதற்கு முன்னால் எங்கிருந்தீர்கள் என்ற கட்டம் அதில் இல்லை.